இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம்

"நூலை இழுக்காதே. சும்மா வச்சுக்கோ," என்றார் சர்வேயர்.

"நான் எங்கே இழுக்கறேன்? உருண்டைதான் உருளுது," என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்துத் தரையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய உலக உருண்டை. இவர்கள் ஊரில் ஒரு முனை, மகள் வேலை பார்க்கும் ஊரில் மறுமுனை என்று ஒரு தையல் நூல் கடலின் குறுக்கே கிடந்தது. மகளின் ஊரை மனைவி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த விரலுக்கடியில் இன்னும் நான்கு நாடுகள் மாட்டிக்கொண்டிருந்தன.

மகளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி புறப்பட்டு வந்துவிடு என்று சொல்லியிருந்தாள். போவதில் மனைவிக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

"மூணு மணி நேரம்னா பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தனியா போயிடுவேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் என்னால முடியாது. துணைக்கு யாராவது வரணும்."

அந்த வீட்டில் 'யாராவது' என்றால் ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆள்தான் இப்போது நூலின் மேல் அளவுகோலை வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்திருந்தார்.

சர்வேயருக்கு விமானம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. வீட்டுக்கு மேலே ஒன்று பறந்து போனால்கூட அது கண்ணுக்கு மறைகிற வரை அவருக்கு மூச்சு சீராக வராது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காரணங்களைத்தான் சொல்வார். தலைநகரில் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது, காதில் சீழ் என்று சொல்லி இரண்டு நாள் ரயிலில் போனார். மகளும் மருமகனும் இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் அவரை விட்டால் வேறு ஆள் இல்லாத ஏதோ ஒரு வேலை வந்து சேரும். மகள் பிடிவாதம் பிடித்து எடுக்க வைத்த பாஸ்போர்ட் பீரோவில் வாங்கிய மேனிக்கு இருந்தது.

"அஞ்சு சென்டிமீட்டர் ஆறு மில்லிமீட்டர்," என்று நிமிர்ந்தார். ஒரு சென்டிமீட்டருக்கு நானூற்று இருபத்தைந்து கிலோமீட்டர். ஆகமொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது. மணிக்கு எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால்?

வகுத்துப் பார்த்த சர்வேயரின் முகம் மலர்ந்தது.

"ரெண்டு மணி நாப்பத்தெட்டு நிமிஷம். இங்க கண்ணை மூடினா அங்க திறக்கலாம்."

மனைவி கட்டைவிரலை எடுத்தாள். "அப்படின்னா சரி. தனியாவே போயிடறேன்," என்று சமையலறைக்குப் போனாள். சர்வேயர் அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

சாயங்காலம் மகள் போனில் வந்தாள். அம்மா தனியாக வரப்போகும் செய்தியைக் கேட்டுவிட்டு, பாவம், மூன்று மணி ஐம்பது நிமிடம் எப்படி உட்கார்ந்து வருவாய் என்றாள்.

மனைவி போனைப் பிடித்தபடியே கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"அப்பா அளந்து பாத்துட்டார். ரெண்டே முக்கால்தான்," என்றாள் மனைவி, நிதானமாக.

மகள் சிரித்ததும், டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே என்று சொன்னதும் சர்வேயர் காதில் விழுந்தது. போனை வைத்த பிறகு அவர் விளக்கம் சொன்னார். விமானக் கம்பெனிக்காரர்கள் தாமதம் என்று பேர் வாங்காமலிருக்க எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள். அது உலகம் அறிந்த விஷயம். மனைவி பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். நூலை ஊரின் புள்ளியிலிருந்து வைத்தோமே, விமானம் ஊர் நடுவிலிருந்தா கிளம்புகிறது?

முப்பத்தோரு வருஷம் நிலம் அளந்தவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. கேட்ட பிறகு அவரால் சும்மா இருக்க முடியாது. பங்காளிச் சண்டையில் ஒரு சாண் சுவருக்காக நாள் முழுக்க வெயிலில் குந்தியிருந்து அளந்தவர். அலுவலகத்தில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பட்டப்பெயர். அவர் நட்ட எல்லைக்கல்லை இதுவரை யாரும் அசைத்ததில்லை.

மறுநாள் அலுவலகத்தில், இரண்டு விமான நிலையங்களும் பூமியில் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் எடுத்து, பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். இரண்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தது. நேரம் இரண்டு மணி ஐம்பது நிமிடம். இரண்டு நிமிடம்தான் கூடியிருந்தது, குடி முழுகிவிடவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது, பக்கத்து மேஜையில் படம் வரையும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"சார், கிளம்பினதுமே எண்ணூத்தைம்பதுல போயிடுமா? ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாத்தானே போகும்?"

அவர் அவளை நீண்ட நேரம் பார்த்தார். நல்ல பெண், கோடு சுத்தமாக இழுப்பாள், எதிர்காலம் உள்ளவள். ஆனாலும் அந்த நிமிடம் அவளை வேறு கிளைக்கு மாற்றினால் தேவலை என்று தோன்றியது. ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்துப் போட்டால் மூன்று மணி ஆறு நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்தை எப்படிக் கழிப்பது என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்தவருக்கு, வழியில் ஒரு யோசனை பளிச்சிட்டது. கணக்கு எதற்கு? கால அட்டவணை இருக்கிறதே. நேராகப் போகிற விமானம் நாளுக்கு ஒன்றுதான். காலை பத்தே காலுக்குப் புறப்பாடு. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அங்கே போய்ச் சேரும். அங்கே கடிகாரம் இங்கேயைவிட ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லத்தான் வேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வேண்டாம் என்று பதில் வந்தது.

"நீயே பாரு," என்று போனை மனைவியிடம் நீட்டினார். "பத்தே காலுக்குக் கிளம்பி பன்னெண்டு முப்பத்தஞ்சுக்குப் போயிடுது. ரெண்டு மணி இருபது நிமிஷம். நான் சொன்னதைவிடக் கம்மி."

மனைவி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முகத்தில் திருப்தி தெரிந்தது. பிறகு விரலால் திரையைத் தள்ளினாள்.

"இது என்னங்க, வர்றப்போ ஒண்ணு அம்பதுக்குக் கிளம்பி ஆறு அம்பதுக்கு வருது? அஞ்சு மணி நேரமா?"

சர்வேயர் திரும்பும் விமானத்தைப் பார்த்திருக்கவில்லை.

"காத்து," என்றார்.

"என்ன காத்து?"

"எதிர்க்காத்து. மேல பலமா அடிக்கும்."

மனைவி யோசித்தாள். அவளுக்கு முகம் வாடிவிட்டது. போகும்போது இரண்டு மணி இருபது நிமிடம், வரும்போது ஐந்து மணி நேரம். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குச் சமமான காற்றா அது? மரமெல்லாம் பிடுங்கி எறிகிற காற்றாக அல்லவா இருக்க வேண்டும்? அதில் ஒற்றைப் பொம்பளை எப்படி வருவது? போகலாம், வர முடியாது என்றால் பிள்ளை பிறந்த பிறகும் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதானா? இவருக்கு யார் சமைப்பார்கள்?

இப்படிப் போனால் மனைவி நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிடுவாள் என்று தெரிந்ததும் சர்வேயர் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பென்சிலை எடுத்து இரண்டு கடிகாரம் வரைந்தார். அங்கே ஒன்றரை மணி பின்னால். அதனால் திரும்பி வருவது ஐந்து மணி நேரம் இல்லை, மூன்றரைதான்.

மனைவி அந்த இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப போறதுலயும் அந்த ஒண்ணரையைக் கூட்டணுமில்ல?"

"கூட்டலாம்," என்று ஒப்புக்கொண்டார்.

"மூணு மணி அம்பது நிமிஷம்."

"அது ஏர்போர்ட் வாசல்ல கிளம்பி அந்த ஊர் ஏர்போர்ட் வாசல்ல நிக்கற வரைக்கும். அதுல தரையில ஊர்ந்து போறது, வரிசையில நிக்கறது எல்லாம் சேர்த்தி. தரையில இருக்கறப்போ உனக்கென்ன பயம்? பஸ்ஸுல உக்காந்த மாதிரிதானே? வானத்துல இருக்கற நேரத்தை மட்டும் கணக்குல எடு."

அது நியாயம்தான் என்றாள் மனைவி. வானத்தில் எவ்வளவு நேரம் என்று மட்டும் அவர் சொன்னால் போதும்; மூன்றுக்குள் இருந்தால் கிளம்பிவிடுவதாகச் சொன்னாள். சர்வேயருக்கு உயிர் வந்தது.

மறுநாளிலிருந்து அவர் அளவைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு புதுப் பட்டியல் ஆரம்பித்தார். விமானங்கள் எங்கே பறந்துகொண்டிருக்கின்றன என்று காட்டும் பக்கம் ஒன்றைப் படம் வரையும் பெண் அவருக்குக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்திருந்தாள். தினமும் பத்தரை மணிக்கு, அந்த மஞ்சள் நிறச் சின்ன விமானம் தரையை விட்டதும் நேரம் எழுதுவார். மத்தியானம் அது அந்தப் பக்கம் இறங்கியதும் நேரம் எழுதுவார். நடுவில் வேலையும் நடந்தது, ஆனால் முன்போல் இல்லை. மூன்றாம் நாள் முதல் அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். ஐந்தாம் நாள் காவல்காரர் வந்து, "நம்ம விமானம் எங்க இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டாம் நாள் விமானம் மேகத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது அலுவலகமே அவர் மேஜையைச் சுற்றி நின்றது.

அன்றைக்கென்று மேலதிகாரி வந்து அளவைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். பின்பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"ரெண்டாயிரத்து நானூத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கு. இது யாரோட நிலம்?"

"நிலம் இல்ல சார், ஆகாயம்," என்றார் சர்வேயர்.

மேலதிகாரி புத்தகத்தை மூடிக் கொடுத்தார். இவர் பல வருஷமாக லீவே எடுக்காதவர் என்பதை நினைவுபடுத்தி, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாளுக்குப் பத்துக் கணக்கு. மூன்று மணி பதினான்கு நிமிடம். மூன்று ஒன்பது. மூன்று பதினொன்று. மூன்று ஆறு. எட்டாம் நாள் மேகக் கணக்கு மூன்று இருபத்திரண்டு. ஒன்பதாம் நாள் மட்டும் கடவுள் கண் திறந்திருந்தார்: இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிடம்.

வீட்டுக்குப் போய் அந்த ஒன்பதாம் நாளைச் சொன்னார். மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மற்ற ஒன்பது நாள் எவ்வளவு என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அளவைப் புத்தகம் கையில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயில் தப்பான எண் வராது. புத்தகத்தையே கொடுத்துவிட்டார்.

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்து முடித்துப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாடுபட்டிருக்கீங்க. தப்பு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கறேன். இதெல்லாம் யாரோ எங்கேயோ பாத்து, கம்ப்யூட்டர்ல போட்டதுதானே? தரையை விட்டுச்சுன்னு அவங்க சொல்ற நிமிஷத்துல நிஜமாவே விட்டுச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சர்வேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேர்ல நின்னு அளக்காத எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்னு நீங்கதானே சொல்வீங்க," என்றாள். அதில் குத்தல் ஏதும் இல்லை. அவர் அடிக்கடி சொல்வதைத் திரும்பச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு அடுத்த பொத்தானை எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மூன்று நாள் சர்வேயருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டியலை எடுத்தால் எண்கள் அவரை முறைத்தன. எங்கிருந்தோ வந்த எண்கள். எவனோ எழுதியது. இந்த மாதிரி ஒரு காகிதத்தை வேறொருவன் கொண்டுவந்து நீட்டியிருந்தால் அவர் தொட்டிருக்கவே மாட்டார். இதை நம்பித்தானே பெண்டாட்டியை அனுப்பப் பார்த்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவர், தலைக்கு மேலே ஒரு விமானம் போவதைப் பார்த்தார். வழக்கம்போல் மூச்சு முட்டியது. ஆனால் கை தன்னால் கடிகாரத்துக்குப் போயிற்று. இந்தக் கோடியில் தெரிந்ததிலிருந்து அந்தக் கோடியில் மறையும் வரை இரண்டு நிமிடம் பத்து விநாடி. அளந்து முடித்த பிறகுதான் கவனித்தார்: அளந்துகொண்டிருந்த வரைக்கும் பயம் எங்கோ ஓரமாக உட்கார்ந்திருந்தது.

துணியை அள்ளிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"நானே வர்றேன்," என்றார். "சக்கரம் தரையை விடறதுலேர்ந்து தரையைத் தொடற வரைக்கும் நானே பக்கத்துல உக்காந்து அளந்துடறேன். போறதுக்கு ஒரு கணக்கு, வர்றதுக்கு ஒரு கணக்கு. அதுக்கப்புறம் யாரும் ஒரு நிமிஷம் குறை சொல்ல முடியாது."

மனைவி பதறிவிட்டாள். அவருக்கு லீவு கிடைக்காதே என்றாள். காது வேறு வலிக்குமே என்றாள். பேரப்பிள்ளையை அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாம், தனக்காக அவர் சிரமப்பட வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். சொல்லச் சொல்ல அவருக்குப் பிடிவாதம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில், அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டாள். டிக்கெட்டுக்கு அவசரமில்லை, தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அவசரம் இருந்தது. மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது சர்வேயருக்கு அது தெளிவாகத் தெரிந்தது. நேற்று மொட்டைமாடியில் வந்த தைரியம் இன்னும் அப்படியே இருந்தது. ஆனால் சாயங்காலம் வரை தாங்குமா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேலதிகாரியிடம் ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்தார். அவர் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். படம் வரையும் பெண் புதிதாக ஒரு பென்சில் சீவிக் கொடுத்தாள். விமானத்துக்குள் பேனா கசியும் என்றாள். காவல்காரர், திரும்பி வந்ததும் சரியான நேரத்தைத் தனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மூன்று பேரும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள், பயணத்துக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தபோதிலும்.

டிக்கெட் பதிவு செய்யும் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அவர் அங்கே போவது அதுதான் முதல் தடவை. படியேறும்போது ஒருமுறை நின்றார். பேரப்பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். மூக்கு யாருடையதாக இருக்கும்? போய்ப் பார்த்தால்தானே தெரியும். மீதிப் படிகளை வேகமாக ஏறிவிட்டார்.

உள்ளே ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சர்வேயர் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். குரல் நடுங்காமல், இருபத்தெட்டாம் தேதி, பத்தே கால் விமானம், இரண்டு பேருக்கு என்றார். சக்கரம் தெரிகிற மாதிரி ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்றும் கேட்டார்.

இத்தனை வருஷம் ஓடி ஒளிந்ததை மூன்றே வாரத்தில் தானாகவே வென்றுவிட்டோம் என்று நினைக்க அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. கையில் ஒரு அளவுகோல் இருந்தால் மனிதன் எதையும் கடந்துவிடலாம். இதை மனைவிக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பேரைத் தட்டினாள். திரையை உற்றுப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். பிறகு பாஸ்போர்ட்டுகளை அவர் பக்கமே மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் அதே விமானத்துல ஏற்கெனவே டிக்கெட் இருக்கே சார், உங்க வீட்டம்மா மூணு மாசத்துக்கு முன்னாடியே வந்து எடுத்து வச்சிட்டாங்க."